சாலையை வெட்டுவதா, துளைப்பதா, கம்பியே வேண்டாம் என்று விடுவதா?

நான்குமுனைச் சந்திப்பில் சிக்னல் வைக்கப் போகிறோம் என்றதும் ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்வி, "பச்சை எத்தனை விநாடி?" என்பதுதான். அதை நிறுவப் போகிற எனக்குக் கவலை வேறு. விளக்குகளை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டி ஒரு மூலையில் இருக்கும். மற்ற மூன்று மூலைகளிலும் கம்பங்கள் நிற்கும். நடுவில் சாலை. அதன் மேல் இடைவிடாமல் வண்டிகள். அடியில் குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்வாரியக் கேபிள், எந்தக் காலத்திலோ புதைத்து மறந்த தொலைபேசிக் கேபிள். இதைத் தாண்டிக் கம்பியை எப்படிக் கொண்டுபோவது?

வழிகள் மூன்று. சாலையை வெட்டிப் புதைக்கலாம். வெட்டாமல் அடியில் துளைத்து இழுக்கலாம். கம்பியை விட்டுவிட்டு ரேடியோவில் கட்டளை அனுப்பி, ஒவ்வொரு கம்பத்துக்கும் சூரியத் தகடு மாட்டலாம். கம்பத்துக்குக் கம்பம் தலைக்கு மேலே கேபிளை இழுத்துக் கட்டுகிற நான்காவது வழியும் உண்டு. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்ததைப் பார்த்தவர்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டார்கள். உயரமான பாரம் ஏற்றிய லாரி ஒன்று போதும், அதற்குப் புயல்கூடத் தேவையில்லை.

முதலில், எத்தனை கம்பி சாலையைக் கடக்க வேண்டும் என்று எண்ணிவிடுவோம். ஒரு முனைக்குச் சிவப்பு, மஞ்சள், நேர்ப் பச்சை, வலப் பச்சை, இடப் பச்சை என்று ஐந்து. பாதசாரிகளுக்குச் சிவப்பு, பச்சை என்று இரண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவாக, மின்சாரம் திரும்பி வர ஒரு நியூட்ரல். மொத்தம் எட்டு. கேபிளுக்குள் ஓடும் ஒவ்வொரு தனிக் கம்பியும் ஒரு கோர். கேபிள் சந்தையில் 7 கோருக்கு அடுத்து 10, 12, 14, 19, 24 என்றுதான் கிடைக்கும். எட்டுதானே என்று 10 கோர் வாங்குகிறவர் இரண்டு வருடத்தில் வருந்துவார். நான் 12 கோருக்குக் கீழே இறங்குவதில்லை. கைவசம் நான்கு உதிரி இருந்தால், ஒரு கோர் அறுந்தாலும் பெட்டியில் கம்பியை மாற்றிச் செருகிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நான்கு மூலைகளையும் இணைக்க மூன்று இடத்தில் சாலையைக் கடந்தால் போதும். எதிர்மூலைக்கான கேபிள் பக்கத்து மூலை வழியாகவே போய்விடும். நான்காவது கடப்பு உதிரி வழிதான். செலவுக் கணக்கில் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே.

வெட்டினால்

வெட்டுவதில் ஒரு பெரிய நன்மை உண்டு: கண்ணால் பார்க்கிறோம். கட்டர் வைத்துத் தாரை இரண்டு கோடாக அறுத்து, ஆட்களை விட்டுத் தோண்டும்போது, வரைபடத்தில் இல்லாத குழாய் குறுக்கே வந்தால் கடப்பாறை நின்றுவிடும். குழாயைப் போட்டு, மணல் பரப்பி, எச்சரிக்கை நாடா விரித்து மூடலாம். கருவி வாடகை குறைவு. இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடிவதற்குள் பாதிச் சாலை முடியும். மறு இரவு மீதிப் பாதி.

தொல்லை காகிதத்தில் தொடங்குகிறது. சந்திப்பில் ஒரு கை மாநகராட்சிச் சாலையாகவும் இன்னொரு கை நெடுஞ்சாலைத் துறைச் சாலையாகவும் இருக்கும். இரண்டு இடத்திலும் சாலை வெட்டு அனுமதி வாங்க வேண்டும். சீரமைப்புக் கட்டணத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் சென்னையில் சாலை வெட்டுக்குத் தடை போட்டுவிடுவார்கள். அப்போது கோப்பு தயாராக இருந்தும் ஜனவரி வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அடுத்தது மண். தோண்டிய மண்ணை அப்படியே தள்ளி மூடிவிட்டு மேலே தார் ஊற்றினால், முதல் பெருமழையில் அந்தக் கோடு அமுங்கும். இருசக்கர வண்டிக்காரர் பிரேக் போடுவது சரியாக அந்த இடத்தில்தான், ஏனென்றால் நிறுத்தக் கோடும் அங்கேதான் இருக்கிறது. அடுக்கடுக்காக மண் போட்டு, நீர் தெளித்து, இடித்து இறுக்க வேண்டும் என்பது எல்லா ஒப்பந்தப் பத்திரத்திலும் இருக்கிறது. அதிகாலை நாலரை மணிக்கு, ஐந்து மணிக்குப் பஸ் விட வேண்டும் என்கிற நெருக்கடியில் எத்தனை அடுக்கு போடுகிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். நானும் அந்த நெருக்கடியில் நின்றவன்தான்.

துளைத்தால்

துளையிடும் இயந்திரம் சாலையோரத்திலிருந்து சாய்வாகத் துளைத் தண்டை மண்ணுக்குள் செலுத்தும். தண்டின் முனைக்குப் பின்னால் சிறு டிரான்ஸ்மிட்டர் இருக்கும். மேலே ஒருவர் கையில் கருவியோடு நடந்து முனை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று படித்துச் சொல்வார். பெண்டோனைட் என்கிற களிமண் குழம்பு துளையைச் சரியாமல் தாங்கும். மறுபக்கம் வந்ததும் எச்டிபிஇ என்கிற கெட்டி பிளாஸ்டிக் குழாயைக் கட்டிப் பின்னோக்கி இழுத்துவிடலாம். போக்குவரத்து நிற்காது, தாரில் கீறல்கூட இருக்காது.

கேட்க நன்றாக இருக்கிறது. சந்திப்பில் இடம் எங்கே? 1.2 மீட்டர் ஆழத்துக்கு இறங்க வேண்டும், நுழையும் சாய்வு 12 பாகை என்று வைத்துக்கொண்டால், சாலை விளிம்புக்கு ஐந்தரை மீட்டருக்கு மேல் பின்னால் தள்ளி இயந்திரத்தை நிறுத்த வேண்டும். நம் மூலைகளில் நடைபாதையே ஒன்றரை மீட்டர். அதற்குப் பின்னால் டீக்கடை. அங்கெல்லாம் இரண்டு பக்கமும் குழி வெட்டி, குழிக்குக் குழி இரும்புக் குழாயை நேராகத் தள்ளுவதுதான் வழி.

இன்னொன்று, இது குருட்டு வேலை. சொந்த அனுபவம் ஒன்று. ஊர் பெயர் வேண்டாம். வரைபடத்தில் குடிநீர்க் குழாய் ஒன்றே முக்கால் மீட்டரில் இருந்தது. நாங்கள் ஒன்றே காலில் போனோம். பாதிச் சாலையில் குழம்போடு தெளிந்த நீரும் மேலே வந்தது. யாரோ பிற்பாடு கொடுத்த கிளை இணைப்பு, எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. இரண்டு தெருவுக்கு மூன்று நாள் தண்ணீர் லாரி. அன்றிலிருந்து, துளைப்பதற்கு முன் இரு ஓரத்திலும் நடுவிலும் கையால் சோதனைக் குழி தோண்டிப் பார்க்காமல் இயந்திரத்தை இயக்க விடுவதில்லை.

செலவில் ஒரு நுணுக்கம்: இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கும் கூலி 12 மீட்டருக்கும் 60 மீட்டருக்கும் ஒன்றுதான். ஒரு கடப்புக்கு மட்டும் கூப்பிட்டால் கட்டாது. நான்கையும் ஒரே மூச்சில் முடித்தால் வெட்டுவதற்கு அருகில் வந்துவிடும், அந்த நான்காவது உதிரி வழியும் சேர்ந்தே.

கம்பி இல்லாமல்

மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் திருவனந்தபுரம் மையம் உருவாக்கிய விட்ராக் போன்ற கம்பியில்லாச் சிக்னல் அமைப்புகள் வந்த பிறகு இந்த வழியை ஒதுக்கித் தள்ள முடியாது. தலைமைக் கன்ட்ரோலர் ரேடியோவில் சொல்லும். கம்பத்தில் உள்ள சிறு பெட்டி விளக்கை ஏற்றும். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். வைஃபை நெரிசல் மிக்க 2.4 கிகாஹெர்ட்ஸைவிட அது சந்தைத் தெருவுக்குப் பொருத்தம்.

எல்இடி இல்லாவிட்டால் இந்த யோசனையே பிறந்திருக்காது. பழைய குண்டு பல்பு 100 வாட் தின்றது. இன்றைய எல்இடி விளக்கு ஏறத்தாழ 10 வாட். ஒரு கம்பத்தில் எந்த நேரத்திலும் எரிவது 15 வாட், ஒரு நாளைக்கு 16 மணி நேரம் என்றால் 240 வாட்-மணி. மூன்று நாள் வெயிலே இல்லாமல் தாங்க வேண்டும், பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிடக் கூடாது என்றால் 12 வோல்ட்டில் 120 ஆம்பியர்-மணி பேட்டரி, கம்பத்துக்கு ஒன்று. மூன்று நாள் என்று போட்டது கஞ்சத்தனமான கணக்கு. நவம்பரில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வாரத்தில் வானம் மூன்று நாளில் வெளுத்துவிடுவதில்லை. பேட்டரியை வாங்குவது ஒரு செலவு. திருடர்களிடமிருந்து காப்பது இன்னொரு செலவு.

"ஒரே இடத்தில் பெரிய சூரியத் தகடு வைத்து, அங்கிருந்து 12 வோல்ட்டைக் கம்பியில் அனுப்பினால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 12.1 ஓம் தடை. 60 மீட்டர் போய்வர 1.45 ஓம். 10 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 0.83 ஆம்பியர் இழுக்கும், வழியிலேயே 1.2 வோல்ட் கரைந்துவிடும், பத்தில் ஒரு பங்கு. அதே விளக்கு 230 வோல்ட்டில் 0.04 ஆம்பியர்தான் இழுக்கும். இழப்பைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். 230 வோல்ட்டில் அந்த 1.5 தடிமன் வேண்டியிருப்பது, இழுக்கும்போது கோர் அறுந்துவிடாமல் இருப்பதற்காக.

பச்சைப் பேய்

கம்பிக்கு நான் சாய்கிறேன் என்று நினைப்பீர்கள். சாய்கிறேன். ஆனால் கம்பிக்கும் ஒரு பேய் உண்டு. ஒரு சந்திப்பை இயக்கிவைத்த அன்று மாலை போக்குவரத்து ஆய்வாளர் அழைத்தார். "தம்பி, சிவப்பு எரியும்போது பச்சையும் லேசாகத் தெரிகிறதே, வந்து பாருங்கள்." போய்ப் பார்த்தால் உண்மைதான், இருட்டில் பச்சை மின்மினிபோல் மினுங்கியது. பன்னிரண்டு கோர்களும் ஒரே உறைக்குள் உரசிக்கொண்டு நெடுந்தூரம் ஓடும்போது, மின்சாரம் உள்ள கோர் பக்கத்துக் கோரில் சிறிதளவு மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். குண்டு பல்பு அதைச் சட்டை செய்யாது. எல்இடிக்கு அதுவே போதும். விளக்குத் தலையில் நியூட்ரலுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் வைத்தோம், பேய் ஓடியது. ரேடியோ அமைப்பில் விளக்கும் சுவிட்சும் ஒரே கம்பத்தில் இருப்பதால் இந்தத் தொல்லை கிடையாது.

அப்படியும் பெரிய சந்திப்பில் நான் கம்பியைக் கேட்பதற்குக் காரணம் பாதுகாப்பு. 1914 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஜேம்ஸ் ஹோக் வடிவமைத்த மின்சிக்னல் இயங்கத் தொடங்கியபோதே, ஒன்றோடொன்று மோதும் இரண்டு திசைகளுக்குச் சேர்ந்தாற்போல் வழி விட முடியாதபடி அதன் மின்சுற்று அமைந்திருந்தது. இன்றைய கன்ட்ரோலரில் அந்த வேலையைத் மானிட்டர் என்கிற தனிக் கண்காணிப்புச் சுற்று செய்கிறது. எந்தக் கோரில் மின்னழுத்தம் இருக்கிறது என்று நேரடியாக அளக்கிறது. கூடாத இரண்டு பச்சை சேர்ந்தால் மொத்தச் சந்திப்பையும் மஞ்சள் மினுக்கலுக்குத் தள்ளிவிடும். சிவப்பு விளக்கு செத்தாலும் மின்னோட்டம் குறைவதிலிருந்து கண்டுபிடிக்கும். ரேடியோவில் இதெல்லாம் கம்பம் திருப்பிச் சொல்லும் செய்தியை நம்பியிருக்கிறது. செய்தி நின்றால் அந்தக் கம்பம் தானாக மஞ்சளுக்குப் போக வேண்டும். மற்ற மூன்றும் உடனே அதைப் பின்பற்ற வேண்டும். நல்ல அமைப்புகள் செய்கின்றன. மலிவானவற்றில் ஒரு கம்பம் மஞ்சள் மினுக்க, எதிர்க்கம்பம் பச்சையில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். அதனால் ரேடியோ அமைப்பை ஏற்றுக்கொள்ளும் முன், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கம்பத்தின் ஆன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். விற்பவர் முகம் எப்படி மாறுகிறது என்பதையும்.

யாருக்கு எது? மெட்ரோ பணியால் மாதம் ஒருமுறை பாதை மாறும் இடத்தில் புதைக்கிற கேபிள் எல்லாம் வீண். அங்கே சக்கரம் வைத்த சூரியச் சிக்னலே சரி. இரு வழிச் சாலையும் கிராமச் சாலையும் சேரும் சிறு முனைக்கும் ரேடியோ போதும், பேட்டரியைப் பார்க்க ஆள் இருந்தால். அகலமான நகரச் சந்திப்புக்குத் துளைத்துப் போட்ட குழாய், அதில் 230 வோல்ட் கேபிள். சாலையை எப்படியும் புதிதாகப் போடப்போகிறார்கள் என்றால் தார் விழுவதற்கு முன் வெட்டிப் புதைப்பதைவிட மலிவான வழி கிடையாது. அந்தத் தேதியைத் தெரிந்துகொள்ள உதவிப் பொறியாளரிடம் நாலு தடவை நடந்தாலும் தகும். கோவையில் பல சந்திப்புகளில் செய்ததுபோல், சிக்னலையே எடுத்துவிட்டு யூ-டர்ன் விடுவது ஐந்தாவது வழி. என் பிழைப்பைக் கெடுக்கும் அந்த யோசனையை இங்கே விரித்துச் சொல்லப் போவதில்லை.

துளைத்தாலும் வெட்டினாலும் ஒரு குழாய்க்கு இரண்டாகப் போடச் சொல்வேன். இரண்டாவதில் நைலான் கயிறு மட்டும் ஓடட்டும், இரு முனையும் மூடியிருக்கட்டும். ஆறு வருடத்துக்கு முன் அப்படிப் போட்ட ஒரு சந்திப்பில் போன மாதம் கேமராவுக்காக ஃபைபர் கேட்டார்கள். இரண்டு ஆட்கள், ஒரு பிற்பகல். கயிறு இற்றுப்போகாமல் இருந்தது.