கழற்றி மாட்டும் பல்செட்: உலோகச் சட்டம் எப்படி இருக்கிறது?

அக்ரிலிக் பல்செட்டிலிருந்து கோபால்ட் குரோமியம் சட்டம் வைத்த மேல்வரிசை செட்டுக்கு மாறியிருக்கிறேன், மாட்டின உடனே வித்தியாசம் நாக்குக்குத் தெரிந்துவிடுகிறது. அக்ரிலிக் உடையாமலிருக்கத் தடிமனாக வேண்டும், பெரும்பாலும் அண்ணத்தில் பாதியை மூடிவிடும். உலோகத்தில் குறுக்கே ஒரு மெல்லிய பட்டைதான், அதனால் குடிப்பதன் சூடும் குளிர்ச்சியும் அண்ணத்துக்கு எட்டுகிறது, 'ச', 'த' எல்லாம் குழறுவதில்லை.

குறை, செட்டை இருக்கிற பற்களோடு பிடித்து வைக்கும் கொக்கிதான். கொஞ்சம் பெரிதாகச் சிரித்தால் கோரைப்பல்லில் கம்பி மினுங்குகிறது. செய்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்லவில்லை, எங்கே தெரிந்தால் பரவாயில்லை என்று கேட்கவும் இல்லை. வாயில் மாட்டப்போவது நாம்தானே!

நைலான் செட்டில் கொக்கி ஈறு நிறத்திலேயே வரும், பார்க்க அழகுதான். ஆனால் பல்லின் மேல் உட்காரும் தாங்கி அதில் பெரும்பாலும் இருக்காது, மெல்லும் பாரம் ஈறு மேலேயே விழும், பின்னால் பழுது பார்ப்பதும் கஷ்டம். கடைவாயில் பல் இல்லாதவர்கள் அழகை மட்டும் பார்த்து அதை எடுக்க வேண்டாம் என்பேன்.

அப்புறம், பல் பொருத்துவதற்கு முன்னால் வெறும் சட்டத்தை மாட்டிப் பார்க்கச் சொல்வார்கள், அவசரப்படாமல் பேசி, எச்சில் விழுங்கி, கண்ணாடியில் சிரித்துப் பாருங்கள், எதையாவது மாற்றச் சொல்ல அதுதான் நல்ல நேரம். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுங்கள். உலோகச் செட்டுக்கு ப்ளீச் மட்டும் கூடவே கூடாது, அரித்துவிடும்.