ரயில் டிக்கெட்டோடு டூர் போட்டுத் தருகிறேன் என்று 38,400 ரூபாயை விழுங்கிவிட்டான்: வேலூர், காட்பாடி மக்கள் கவனம்

கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுது என்று வீட்டுக்காரர் சொன்னார். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதனால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன். 38,400 ரூபாய். ஏலச்சீட்டு எடுத்த பணம். இந்த வருஷமாவது பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப்போக வேண்டும் என்று தொடாமல் வைத்திருந்த பணம்.

புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் எந்த மாதிரிக் கடை என்று சொன்னால் வேலூர்க்காரர்களுக்குப் புரிந்துவிடும். ஜெராக்ஸ், கரண்ட் பில், ஊருக்குப் பணம் அனுப்புவது, ரயில், பஸ், பிளைட் டிக்கெட் எல்லாம் ஒரே மேசையில் நடக்கும், வாசல் போர்டில் தமிழோடு இந்தியும் வங்காளமும் இருக்கும். வெளி மாநிலத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கும் தெருக்களில் வரிசையாக இப்படிக் கடைகள் இருக்கின்றன. ஒழுங்காக நடத்துகிறவர்கள் நிறைய பேர், அவர்களைச் சொல்லவில்லை. நான் சொல்வது ஒருத்தனைப் பற்றி.

கோடை லீவுக்கு ஆலப்புழா போகலாம் என்பது பெரியவளின் ஆசை. குட்டநாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து, அத்தையிடம் ஒரு மாதமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் கம்பெனி வேலை, லீவு கிடைப்பதே பெரிய பாடு. நமக்கு ஆலப்புழா எக்ஸ்பிரஸ் வசதி. சென்னையில் கிளம்பி ராத்திரி பத்தரை வாக்கில் காட்பாடிக்கு வரும், ஏறிப் படுத்தால் ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, கோவை எல்லாம் தூக்கத்திலேயே போய்விடும், விடிந்தால் கேரளா. போட் ஹவுஸில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் திரும்புவது என்று திட்டம். முன்பு 120 நாள் முன்னால் எடுத்துக்கொண்டிருந்த டிக்கெட்டை 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். லீவு உறுதியாகி நாங்கள் தேடும்போது எல்லாத் தேதியிலும் வெயிட்டிங் லிஸ்ட்தான். அதனால்தான் அந்தக் கடைக்குப் போனோம்.

எங்கேயோ விளம்பரம் பார்த்துப் போன கடை இல்லை அது. பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ் எடுப்பதிலிருந்து கரண்ட் பில் கட்டுவது வரை பல வருஷமாக அவனிடம்தான். என் பெயர் தெரியும், அத்தைக்கு முட்டி வலி என்பதும் தெரியும். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான், பிள்ளைகளுக்கு ஃப்ரூட்டி வாங்கிவரப் பையனை அனுப்பினான். போக வர ஏசி மூன்றாம் வகுப்பு டிக்கெட், போட் ஹவுஸ், ஸ்டேஷனிலிருந்து வண்டி எல்லாம் சேர்த்து ஐந்து பேருக்கு 38,400 என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினான். வெயிட்டிங் லிஸ்ட்டாக இருக்கிறதே தம்பி என்று கேட்டேன். "எமர்ஜென்சி கோட்டாவுல நம்ம ஆளு இருக்காருக்கா, சார்ட் போடும்போது ஏறிடும்" என்றான். எமர்ஜென்சி கோட்டா என்பது அவசரத் தேவைக்கென்று ரயில்வே ஒதுக்கிவைக்கும் இடங்கள், சார்ட் என்பது வண்டி கிளம்பும் முன் போடும் கடைசிப் பயணிகள் பட்டியல். அந்தக் கோட்டாவுக்கென்றே 38,400-க்குள் 3,000 ரூபாய் வைத்திருந்தான். அத்தையின் வயதைக் கேட்டு, அவர் பெயருக்குப் பக்கத்தில் பேனாவால் 'லோயர்' என்று எழுதி வட்டம் போட்டான். "உங்களுக்கு நான் பொறுப்புக்கா, பெரியம்மா நிம்மதியா தூங்கிகினு போகட்டும்." அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் நான் பணத்தை எடுத்தேன். வயசான அம்மாவைப் பற்றி நாம் சொல்லாமலே யோசிக்கிறானே என்று நம்பினேன். 20,000 போனில் அனுப்பினோம், வேறு யாரோ பெயர் வந்தது, மச்சான் கணக்கு என்றான். மீதி 18,400 கையில் கொடுத்தோம். பில் கேட்டதற்கு, கணக்கெழுதிய அந்தத் தாளையே மடித்துக் கொடுத்தான்.

கிளம்பும் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டிக்கெட் கொடுத்தான். சாமி படம் போட்ட கவரில் வைத்து, "சார்ட் ஆயிடுச்சுக்கா, பி 3, எல்லாம் ஒரே கூப்பே, கெளம்புங்க" என்றான். 17, 18, 20, 21, 24. அத்தைக்கு 17, லோயர்.

பாலாற்றுப் பாலம் தாண்டி ஆட்டோவில் காட்பாடி போனோம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஒரு டப்பா, பிள்ளைகளுக்கு ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா. வண்டி வந்தது, சில நிமிஷம்தான் நிற்கும் என்று அத்தையைக் கைத்தாங்கலாக ஏற்றினோம். 17-இல் சென்னையிலேயே ஏறிய ஒரு அம்மா போர்வை போர்த்திப் படுத்திருந்தார். எழுப்பினோம். பாவம், அவர் எழுந்து உட்கார்ந்து போனில் தன் டிக்கெட்டைக் காட்டினார். பி 3, 17. அதற்குள் டிடிஇ வந்துவிட்டார். எங்கள் தாளை வாங்கி, கையிலிருந்த கருவியில் பத்து இலக்க பிஎன்ஆர் நம்பரைப் போட்டுப் பார்த்தார். "அம்மா, இது வெயிட்டிங் லிஸ்ட், சார்ட் போட்டதும் தானா கேன்சல் ஆயிடுச்சு. இந்தத் தாளை யாரோ திருத்திக் கொடுத்திருக்காங்க" என்றார். ரிசர்வேஷன் பெட்டியில் வெயிட்டிங் லிஸ்ட்டோடு பயணம் செய்ய முடியாது, அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மரியாதையாகத்தான் சொன்னார். நாங்கள் இறங்கி முடிக்கவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது. சின்னவன் அழ ஆரம்பித்துவிட்டான். அத்தை பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

பிளாட்பாரத்திலேயே பெரியவள் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் காட்டினாள். எங்கள் பெயர்கள் அச்சான எழுத்து ஒரு மாதிரி, பெர்த் எண் இருந்த வரி கொஞ்சம் தடித்து வேறு மாதிரி. நம்பரைத் தன் போனில் போட்டுப் பார்த்தாள். எடுக்கும்போது வெயிட்டிங் லிஸ்ட் 58, சார்ட் போடும்போது 41. போன் நம்பர் என்ற இடத்தில் எங்கள் நம்பரே இல்லை, அவனுடையது.

இதில் அவனுக்கு என்ன லாபம் என்று அப்போது புரியவில்லை. பிறகு விசாரித்ததில் தெரிந்தது, எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் எல்லாப் பெயரும் சார்ட்டுக்குப் பிறகும் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றால் டிக்கெட் தானாக ரத்தாகிவிடும். ஆளுக்கு 60 ரூபாயும் அதற்கு வரியும் பிடித்துக்கொண்டு மீதி முழுவதும் திரும்பி வரும். யாருக்கு? பயணிக்கு இல்லை, எந்தக் கணக்கிலிருந்து டிக்கெட் எடுத்தார்களோ அந்தக் கணக்குக்கு. அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் எடுத்திருந்தால் ரீஃபண்டுக்கு ஓடிபி பயணியின் போனுக்கு வரும், எவ்வளவு பணம் என்பதும் வரும், 2019-லிருந்தே அப்படித்தான். இவன் எடுத்தது யாரோ ஒருத்தருடைய சொந்த ஐடியில், நம்பரும் அவனுடையது. அதாவது நாங்கள் ரயில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அவனுக்குப் பணம். இப்போதெல்லாம் சார்ட் வண்டிக்குப் பல மணி நேரம் முன்னாலேயே போட்டுவிடுகிறார்கள், ஆகவே சாயங்காலம் அந்தக் கவரை என் கையில் கொடுக்கும்போதே டிக்கெட் செத்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வயசான அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் ராத்திரியில் ஸ்டேஷனுக்கு அனுப்பினான். எமர்ஜென்சி கோட்டாவும் பொய். ஏஜென்ட்டுகள் கொடுக்கும் கோரிக்கையை அதில் ஏற்கக் கூடாது என்று ரயில்வேயே சொல்லியிருக்கிறது.

ஆலப்புழாவில் போட் ஹவுஸ்காரருக்கும் பேசினோம். தமிழும் மலையாளமும் கலந்து பொறுமையாகச் சொன்னார்: விலை கேட்டு ஒரு போன் வந்தது, அவ்வளவுதான், அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

மறுநாள் காலையில் கடைக்குப் போனோம். "சிஸ்டம் ப்ராப்ளம்க்கா, ரயில்வேலேருந்து ரீஃபண்ட் வந்ததும் தர்றேன்" என்றான். எங்கள் கண்ணைப் பார்க்கவில்லை, யாருக்கோ ஜெராக்ஸ் போட்டுக்கொண்டே பேசினான். தாளைத் திருத்தியது யார் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, மேல இருக்கிற ஏஜென்ட் அனுப்பியது, எனக்குத் தெரியாது என்றான். அடுத்த முறை ஓனரைக் கேள் என்றான், அதுவரை அவன்தான் ஓனர் என்று நினைத்திருந்தோம். அப்புறம் கடைப் பையன் மட்டும் இருந்தான், அண்ணன் திருப்பதி போயிருக்கார் என்றான். போனில் போட்ட செய்திக்கெல்லாம் நீல டிக் விழுந்தது, பதில் இல்லை, பிறகு படமும் காணாமல் போனது, பிளாக். கடைசியாக வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டபோது, "38,400-க்கு என்ன ஆதாரம் இருக்கு, 20,000-தானே அனுப்பினீங்க, அதுவும் என் கணக்குக்கு இல்லையே" என்று கேட்டான். பிள்ளைகளுக்கு ஃப்ரூட்டி வாங்கிக் கொடுத்த அதே ஆள்.

இதை எழுத வைத்தது பணம் மட்டும் இல்லை. ஒரு நாள் கடையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, ஆபரேஷன் முடிந்து கையில் ஃபைலோடு ஒரு வங்காளக் குடும்பம் வந்தது. ஹவுராவுக்கு டிக்கெட் வேண்டும் என்றார்கள். அவன் எங்களை விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, இந்தியில் கன்ஃபர்ம் ஆகிவிடும் கன்ஃபர்ம் ஆகிவிடும் என்றான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். பையன் என்னை வெளியே போகச் சொன்னான். எங்களுக்காவது திரும்பிப் போக வீடு சத்துவாச்சாரியில் இருந்தது. தையல் பிரிக்காத நோயாளியை வைத்துக்கொண்டு அவர்கள் நடுராத்திரி காட்பாடி பிளாட்பாரத்தில் என்ன செய்வார்கள்?

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். டிக்கெட்டில் உங்கள் போன் நம்பர் இருக்க வேண்டும், இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள். பிஎன்ஆரை முதல் நாளே வாங்கி உங்கள் போனில் நீங்களே பாருங்கள், அல்லது 139-க்குப் போன் செய்யுங்கள், சார்ட் ஆனதும் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தாளில் இருப்பதை நம்பாதீர்கள். கோட்டாவுக்குப் பணம் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் எடுக்கும் டிக்கெட்டில் அவர் விவரமும் சர்வீஸ் சார்ஜும் அச்சாகி இருக்கும், அதைத் தேடுங்கள். கணக்குப் பெயர் வேறாக வந்தால் அனுப்பாதீர்கள். போனில் அனுப்பிய பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண், அதிலும் பதிந்திருக்கிறோம்.

ரயில்வே பாதுகாப்புப் படையிலும் எழுதிக் கொடுத்துவிட்டோம். அங்கீகாரம் இல்லாமல் டிக்கெட் வாங்கி விற்பது ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவில் குற்றம், 3 வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். திருத்திய தாள், 'லோயர்' என்று வட்டம் போட்ட தாள், இரண்டின் நகலையும் இணைத்திருக்கிறோம். 38,400-இல் ஒரு ரூபாய்கூட இதுவரை வரவில்லை. நாளைக் காலை கடை திறக்கும் நேரத்துக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் வேலூரில் யாராவது இருந்தால் தாளைத் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள், புகாரைச் சேர்ந்து கொடுப்போம். வங்காளமோ இந்தியோ நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இந்த எச்சரிக்கையை அந்த மொழியிலும் எழுதி, லாட்ஜ் தெருக்களில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும்படி செய்யுங்கள்.