போகிமான் சில்வர்: கடிகாரத்தோடு ஓடிய ஆட்டம்

சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா 2002 கோடை விடுமுறையில் வேலூருக்கு வந்தபோது, எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்து கேம்பாய் கலர் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றும், அதில் செருகி ஆடும் போகிமான் சில்வர் கேட்ரிட்ஜும் வாங்கி வந்தார். இடையில் சில ஆண்டுகள் பரணில் கிடந்தது போக, இன்றுவரை அதை விடாமல் ஆடி வருகிறேன்.

1999 நவம்பரில் ஜப்பானில் கோல்ட், சில்வர் என இரண்டாக வெளிவந்த இந்த ஆட்டத்தில், நாம் பிடித்து வளர்த்து மோதவிடும் போகிமான் என்னும் கற்பனை உயிரினங்களில் 100 புதியவை சேர்ந்து மொத்தம் 251 ஆயின. முட்டை பொரிப்பது, ஆண் பெண் வேறுபாடு, இருள், எஃகு என்னும் புதிய வகைகள் ஆகியவையும் இதில்தான் அறிமுகமாயின. ஆனாலும் எங்களைக் கட்டிப்போட்டது கேட்ரிட்ஜுக்குள் ஓடிய கடிகாரம்தான். கருவியை அணைத்து வைத்தாலும் அது நிற்காது. காலை நான்கு மணி முதல் பத்து வரை ஒரு நிறம், பிறகு பகல், மாலை ஆறு அடித்ததும் இரவு. மே மாதத்தில் ஆறு மணிக்கும் சத்துவாச்சாரி மலைமேல் வெயில் மிச்சமிருக்கும். கையிலுள்ள திரையிலோ ஊர் நீலமாக இருண்டு, பகலில் கண்ணில் படாத ஹூட்ஹூட் என்னும் ஆந்தைப் போகிமான் புல்லுக்குள்ளிருந்து வெளிவரும். அந்தத் திரைக்குப் பின்விளக்கு கிடையாது என்பதால், மின்வெட்டு இரவுகளில் அரிக்கேன் விளக்கின் பக்கம் கருவியைச் சாய்த்துச் சாய்த்து ஆடினோம்.

கிழமைகளும் அப்படித்தான். ஆட்டத்தில் வரும் யூனியன் குகையின் அடித்தளத்தில் லாப்ராஸ் என்னும் நீர்ப் போகிமான் வெள்ளிக்கிழமை மட்டுமே தோன்றும். வெள்ளிக்கிழமை மாலை என்றால் எங்கள் வீட்டில் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போவது வழக்கம். அகழியை ஒட்டி நடந்து வீடு திரும்பி, சாப்பாட்டை முடித்துவிட்டு, பன்னிரண்டு அடிப்பதற்குள் குகைக்கு இறங்கிவிட வேண்டும் என்று நானும் அண்ணனும் தவித்த தவிப்பு இன்றும் நினைவிருக்கிறது. மூன்றாவது வெள்ளிக்கிழமைதான் அது பிடிபட்டது.

ஆட்டத்தில் வரும் கோல்டன்ராட் நகரத்தில் நாம் வென்றாக வேண்டிய ஜிம் தலைவி விட்னியின் மில்டாங்க் என்னும் போகிமான் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும் ரோல்அவுட் தாக்குதலால் எங்களை ஒரு வாரம் நிறுத்திவைத்தது. அதே ஊர்ப் பல்பொருள் அங்காடியில் ட்ரௌசி என்னும் போகிமானைக் கொடுத்து, சண்டை வகையைச் சேர்ந்த மச்சோப்பை மாற்றிக்கொண்ட பிறகே வழி திறந்தது.

குறையென்று சொன்னால், பிற்பகுதியில் லெவல் ஏற்றம் சீராக இல்லை. சாம்பியன் லான்ஸிடம் இருக்கும் மிக வலிய டிராகனைட் லெவல் 50. முடிவில் சில்வர் மலையில் காத்திருக்கும், முந்தைய ஆட்டத்தின் நாயகன் ரெட்டின் பிகாச்சுவோ லெவல் 81. இடையில் பயிற்சிக்கு ஏற்ற இடமே இல்லாமல், ஒரே எதிரிகளோடு மீண்டும் மீண்டும் மோத வேண்டியிருக்கிறது. முந்தைய ஆட்டங்கள் நடந்த கான்டோ நிலப்பரப்பு முழுவதையும் இரண்டாம் பாதியாகத் தந்த தாராளம் பெரிது. ஆனால் விரிடியன் காடு ஒரு சிறிய பாதையாகச் சுருங்கி, சஃபாரி மண்டலம் மூடிக்கிடப்பதைப் பார்க்கும்போது, கேட்ரிட்ஜில் இடம் போதாமல் போனது தெரிகிறது.

எந்தக் கடிகாரம் ஆட்டத்துக்கு உயிரோ, அதுவே அதன் ஆயுளையும் குறைத்தது. கேட்ரிட்ஜில் பற்றவைத்திருக்கும் சிஆர் 2025 பேட்டரிதான் கடிகாரத்தையும் ஓட்டுகிறது, நாம் சேமித்த ஆட்டத்தையும் காக்கிறது. கடிகாரம் ஓயாமல் மின்சாரம் இழுப்பதால், முந்தைய ரெட், புளூ கேட்ரிட்ஜ்களைவிட இது சீக்கிரம் தீர்ந்துவிடும். 2012இல் ஒருநாள் கருவியைப் போட்டபோது, தொடர்ந்து ஆடும் வாய்ப்பே திரையில் இல்லை. அண்ணன் வளர்த்த டைஃப்லோஷன் என்னும் போகிமானும், மூன்று வெள்ளிக்கிழமை காத்திருந்து பிடித்த லாப்ராஸும் போயின. அன்று முழுவதும் எனக்குப் பேச்சே வரவில்லை.

லாங் பஜார் பக்கம் ரேடியோ பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர், பற்றவைக்க உலோகக் காதுகள் வைத்த புதிய பேட்டரியைப் பொறுமையாகப் பற்றவைத்துக் கொடுத்தார். பழைய கேட்ரிட்ஜ் வாங்குபவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேமிக்கிறதா என்று சோதித்துப் பார்த்தே வாங்குங்கள். வீட்டுக்கு வந்து புதிய ஆட்டம் தொடங்கினேன். முதலில் மணி என்ன என்று ஆட்டம் கேட்டது. அடுத்து, கதையில் வரும் அம்மா போகிகியர் என்னும் கருவியைக் கையில் கொடுத்து, இன்று என்ன கிழமை என்று கேட்டார். வியாழன் என்று பதிந்துவிட்டு அண்ணனுக்கு போன் செய்தேன்.