தியெப்போலோவின் மைச் சித்திரங்கள்: நகல் தொகுப்பு ஒன்றைப் பற்றி

ரொகோகோ எனப்படும் 18ஆம் நூற்றாண்டு அலங்காரக் கலைப்பாணியின் காலத்து வெனிஸ் ஓவியர் ஜோவான்னி பத்திஸ்தா தியெப்போலோ (1696–1770) பேனாவாலும் நீர்த்த மையாலும் தீட்டிய தொன்ம உருவகச் சித்திரங்களின் நகல்களை, 24 தனித்தாள்களாகப் பெட்டியில் அடுக்கி விற்கும் தொகுப்பு ஒன்றை வாங்கி, மூன்று வாரங்களாக மேசைமேல் பரப்பி வைத்துப் பார்த்து வருகிறேன். இத்தகைய நகல்களை வாங்குபவர் கோடுகளின் கூர்மையைவிடத் தாளின் நிறத்தையே முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெரும்பாலும் கருஞ்சுண்ணத்தால் மெல்லிய கோடுகளை இட்டு, அவற்றின்மேல் பேனாவை ஓட்டி, பிறகு நீரில் கரைத்த பழுப்பு மையால் நிழல்களைப் பூசிய தியெப்போலோ, வெளிச்சம் விழும் இடங்களை வெறுந்தாளாகவே விட்டுவிட்டார். ஆகவே இவற்றில் ஒளி என்பது தாளேதான்.

காலத்தின் உருவகமான சிறகுள்ள கிழவன், பெண்ணாக உருவகித்த உண்மையை வெளிப்படுத்தும் சித்திரத்தில் இது நன்றாகத் தெரிகிறது. 1593இல் முதலில் அச்சான, கருத்துகளை மனித உருவங்களாகக் காட்டும் விதத்தை வகுத்த, இத்தாலிய எழுத்தாளர் சேசரே ரீபாவின் உருவக அகராதி, உண்மையைச் சூரியனைக் கையில் ஏந்திய ஆடையற்ற பெண்ணாக வகுத்திருந்தது. தியெப்போலோ இக்கருவைப் பலமுறை கையாண்டிருக்கிறார். இத்தொகுப்பில் உள்ள தாளில், கிழவனின் சிறகின்மீது முதலில் இளம்பூச்சும், அது உலர்ந்தபின் அடர்ந்த பூச்சும் விழுந்திருப்பதை, ஈரம் நின்ற விளிம்புக் கறை வரைக்கும் காண முடிகிறது. அவனருகே உண்மையின் தோள் முதல் முழங்கால் வரை ஒரே ஒரு விட்டுவிட்டு ஓடும் கோடுதான், மற்றதெல்லாம் தாள். இளமஞ்சள் கலந்த அந்தத் தாள் நிறம் சரியாக அமைந்திருப்பதால், அவள் உடலே ஒளிர்வதாகத் தோன்றுகிறது.

மேகங்களில் அமர்ந்த தேவர்களைக் காட்டும் தாள்களை மேசையில் வைத்துப் பார்த்தால் கால்கள் பெருத்தும் முகங்கள் சிறுத்தும் விநோதமாக இருக்கும். அவற்றைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துப் பாருங்கள். ஜெர்மனியின் வூர்ஸ்புர்க் அரண்மனையின் படிக்கட்டு மண்டபத்து விதானத்தில் 1752–53இல் சூரிய தேவன் அப்பல்லோவையும் நான்கு கண்டங்களையும் தீட்டிய கை, கீழிருந்து நோக்கும் கண்ணுக்காகவே உருவங்களைக் குறுக்கி வரைந்தது என்பது உடனே விளங்கிவிடும்.

குறைகளும் உண்டு. இரண்டு தாள்களை வெளுத்த வெண்மையில் அச்சிட்டுவிட்டார்கள். அவற்றில் பூச்சு வெறும் அழுக்காகத் தெரிகிறது. மாற்றித் தரக் கேட்டபோது வந்தவையும் அதே வெண்மைதான். விளக்கக் குறிப்புகள் மிகச் சுருக்கமானவை. அரிவாள் காலத்தின் அடையாளம் என்றுகூட அவை சொல்வதில்லை.

மீதமுள்ள 22 தாள்களுக்காகவே இத்தொகுப்பை வாங்கலாம். சட்டமிடுவதானால் சுற்றிலும் வெள்ளை அட்டை வைக்காதீர்கள். அதன் பக்கத்தில் தாளின் ஒளி மங்கிவிடுகிறது. சாம்பல் நிற அட்டை பொருந்துகிறது.