ஒரு கிராம் துல்லியம் என்று நம்பி ஏமாந்தேன்: சமையலறைத் தராசு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

நேற்று மாலை வந்த மின்னஞ்சலில் என் புகார் "தீர்க்கப்பட்டது" என்று ஒரே சொல்லில் முடித்து வைக்கப்பட்டிருந்தது. எதுவும் தீரவில்லை. உடல் எடையைக் குறைப்பதற்காக, கைப்பேசிச் செயலியோடு இணையும் சமையலறைத் தராசு ஒன்றையும் அதற்கான ஓராண்டுச் சந்தாவையும் சேர்த்து வாங்கி, என் ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்கை இழந்திருக்கிறேன். தொகையை எண்ணில் எழுதக் கை கூசுகிறது. கால் பங்கு என்றால் எவ்வளவு என்பது சம்பளம் வாங்கும் எவருக்கும் விளங்கும். பல விற்பனையாளர்கள் கடை விரிக்கும் ஒரு பெரிய இணையச் சந்தையில்தான் இதை வாங்கினேன். பெயரைச் சொல்லப்போவதில்லை, இதே பொருள் நாளைக்கு வேறு பெயர் ஒட்டிக்கொண்டு வரும். வாங்கும் முன் கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

கண்ணளவு போதாதா, தராசு எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை ஆராய்ந்து, 1992இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்கள் உண்டதாகக் குறித்துக் கொடுத்த அளவு, உண்மையில் உண்டதைவிடச் சராசரியாக 47 விழுக்காடு குறைவாக இருந்ததாம். என் கண்ணும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். குறிப்பாக எண்ணெயில் கண் நிச்சயம் தவறும்: மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தர, கொழுப்பு மட்டும் 9 கலோரி தருகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 14 கிராம், அதாவது சுமார் 120 கலோரி. போத்தலைச் சாய்த்த கை ஒரு கணம் தாமதித்து நிமிர்ந்தால் அது இரட்டிப்பாகிவிடும். ஆகவே எனக்குத் தேவைப்பட்டது, சிறிய அளவுகளைச் சரியாகக் காட்டும் தராசு. மூட்டை நிறுக்கும் வேலை எனக்கில்லை.

விற்பனையாளரின் பிரதிநிதி என் உயரம், எடை, மூட்டு வலி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு காணொலி அழைப்பில் வந்து, அந்தத் தராசின் மீது 500 கிராம் எடைக்கல் ஒன்றை வைத்தார். திரையில் 500 என்று வந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார், மறுபடியும் 500. "ஒரு கிராம் துல்லியம் மேடம். இனிமேல் நீங்கள் எதையும் யோசிக்க வேண்டாம், தராசு யோசித்துக்கொள்ளும்" என்றார். பல ஆண்டுகளாக ஒவ்வொரு கவளத்தையும் யோசித்து யோசித்துச் சலித்துப்போன ஒருத்திக்கு அந்த வாக்கியம் எப்படி இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மாதச் சந்தாவைவிட ஆண்டுச் சந்தா மலிவு என்று அடுத்த மூச்சில் சொன்னார். அழைப்பைத் துண்டிக்கும் முன்பே பணத்தைச் செலுத்திவிட்டேன். ஐந்து கிராம், பத்து கிராம் வைத்துக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கல் உண்மையில் 500 கிராம்தானா என்றும் கேட்கவில்லை.

ஏழு வாரங்கள் ஒழுங்காக நிறுத்தேன். ஒரு நாளைக்கு 300 கலோரி குறைத்து உண்பது என் கணக்கு. செயலி தினமும் இரவு ஒரு பச்சை வட்டத்தைக் காட்டி என்னைப் பாராட்டியது. உடல் எடை பார்க்கும் இயந்திரமோ இருந்த இடத்திலேயே நின்றது. நான் சந்தேகப்பட்டது என்னைத்தான். தூக்கத்தில் எழுந்து சாப்பிடுகிறேனோ என்றுகூட ஒரு நாள் எண்ணினேன். ஐந்தாவது வாரத்தில், நான் ஒருத்தி மட்டும் பயன்படுத்தும் ஒரு லிட்டர் எண்ணெய்ப் போத்தல் காலியானது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 920 கிராம் இருக்கும். செயலியின் கணக்கிலோ நான் அதுவரை ஊற்றியது 350 கிராம். அப்போதும் எங்கோ சிந்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்த அசட்டுத்தனத்துக்கு நான்தான் பொறுப்பு.

ஏழாவது வாரம், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் அளவுத்திருத்தத்துக்குப் பயன்படும் 100 கிராம் எடைக்கல்லைக் கொண்டுவந்து வைத்தார். தராசு 88 என்றது. நடுவில் வைத்தால் 88, ஓரத்துக்கு நகர்த்தினால் 85. பிறகு மருந்து புகட்டும் ஊசியில்லாச் சிரிஞ்சில் 10 மில்லி தண்ணீரை எடுத்து, தட்டின் மேல் காலிக் கிண்ணத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் என்பது பள்ளிப் பாடம். சிரிஞ்சு காலியாகிவிட்டது, கிண்ணத்தின் அடியில் தண்ணீர் பளபளத்துக் கிடந்தது, திரையில் பூஜ்யம் அசையவே இல்லை. அதே 10 மில்லியை ஒரே அழுத்தில் பீய்ச்சியபோது 9 என்று காட்டியது.

அவர் விளக்கியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. இத்தகைய தராசுக்குள் ஒரு சிறிய உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறும்போது அது மயிரிழை அளவுக்கு வளைய, அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய உணர்விகளின் மின்தடை மாறுகிறது, அந்த மாற்றத்தைத்தான் தராசு கிராமாக மாற்றிச் சொல்கிறது. வெப்பநிலை மாறினாலும் இந்த எண் மெல்ல நகரும் என்பதால், பூஜ்யத்துக்கு அருகில் நிகழும் மெதுவான சிறு மாற்றங்களைப் பொருட்படுத்தாமல் தன்னைத்தானே பூஜ்யமாக்கிக்கொள்ளும் ஏற்பாடு பல தராசுகளில் உண்டு. அது குற்றமில்லை. ஆனால் என் தராசில் அந்த ஏற்பாடு 10 கிராமை மொத்தமாக விழுங்கும் அளவுக்குத் தாராளமாக இருந்தது; நான் எண்ணெயை மெல்லிய நூலாக ஊற்றிய ஒவ்வொரு முறையும் அதைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கிறது. "ஒரு கிராம் துல்லியம்" என்ற விளம்பரத்துக்கும் பொருள் அப்போதுதான் விளங்கியது: திரையில் எண் ஒவ்வொரு கிராமாக ஏறும் என்பதே அதன் முழு அர்த்தம். ஏறும் எண் சரியான எண்ணா என்பதைப் பற்றி அவர்கள் வாக்குறுதி எதுவும் தரவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 கிராம் என்று நம்பி ஊற்றிய எண்ணெய் உண்மையில் 13 கிராம் வரை இருந்திருக்கிறது. வேளைக்கு 72 கலோரி, இரண்டு வேளைக்கு 144. 70 கிராம் என்று நிறுத்த அரிசி கிட்டத்தட்ட 80 கிராம். அதில் இரண்டு வேளைக்கும் சேர்த்து 70 கலோரிக்கு மேல். 30 கிராம் என்று எண்ணிய கடலையில் ஒரு 23. ஆக, நான் குறைத்ததாக எண்ணிய 300 கலோரியில் ஏறக்குறைய 240 தராசின் வழியாகவே திரும்பி வந்துவிட்டது. ஏழு வாரத்தில் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருக்க வேண்டிய எடை, 400 கிராம்கூட இறங்கவில்லை. உடலில் நீர் ஏறி இறங்குவதிலேயே அது மறைந்துபோகும். கால் பங்குச் சம்பளம் கொடுத்து இதைத்தான் வாங்கினேன்.

அதன் பிறகு நடந்தவை இன்னும் மோசம். முதலில் மின்கலத்தை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். சமதளத்தில் வைக்கச் சொன்னார்கள். கருங்கல் மேடையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். செயலியைப் புதுப்பிக்கச் சொன்னார்கள்; செயலி புதுப்பிக்கப்பட்டதில் பச்சை வட்டம் பெரிதானதே தவிர, 100 கிராம் 88 ஆகவே இருந்தது. காணொலியில் பேசிய அந்தப் பிரதிநிதி இப்போது அங்கே பணியில் இல்லையாம். புதிதாக வந்தவர், "எடை குறையாமல் இருக்க மன அழுத்தம், தூக்கமின்மை என்று எத்தனையோ காரணங்கள் உண்டு மேடம்" என்று எனக்குப் பாடம் நடத்தினார். என் உடம்பைப் பற்றி நான் கேட்கவே இல்லை, அவர்கள் தராசைப் பற்றித்தான் கேட்டேன் என்று எழுதியதற்கு மூன்று நாள் பதிலில்லை. சந்தைத் தளத்திடம் போனால், திருப்பி அனுப்பும் காலம் பத்து நாள், அது முடிந்துவிட்டது, விற்பனையாளரிடமே பேசுங்கள் என்றார்கள். விற்பனையாளர், சந்தா என்பது தனிச் சேவை, அதைத் திருப்பித் தரும் வழக்கமில்லை என்றார். கால் பங்குச் சம்பளத்தில் பெரும்பகுதி அந்தச் சந்தாதான். அதற்கு அடுத்து வந்ததுதான் "தீர்க்கப்பட்டது".

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். கோபத்தில் கை நிற்கவில்லை, நினைவுக்கு வருவதை மட்டும் எழுதுகிறேன். தராசு வந்த அன்றே, திருப்பி அனுப்பும் காலத்துக்குள், சிரிஞ்சால் 10 மில்லி தண்ணீரை மெதுவாக ஒரு முறையும் வேகமாக ஒரு முறையும் விட்டுப் பாருங்கள். ஒரே பொருளை நடுவிலும் நான்கு ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள். எண்ணெயை நிறுக்கப் போத்தலையே தட்டில் வைத்துப் பூஜ்யமாக்கி, எடுத்து ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். கழித்தல் குறியோடு வரும் எண்தான் நீங்கள் ஊற்றியது. மில்லி என்ற பொத்தானை எண்ணெய்க்கு நம்பாதீர்கள், அது தண்ணீருக்கானது. அரிசியை வேகவைக்கும் முன் நிறுத்தீர்களா, பின்பா என்று குறித்துக்கொள்ளுங்கள். 100 கிராம் பச்சரிசிக்குச் சுமார் 360 கலோரி, அதே 100 கிராம் சோற்றுக்குச் சுமார் 130. ஆண்டுச் சந்தாவை எக்காரணத்துக்கும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். கட்டியிருந்தால், அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் அனுமதியை உடனே நீக்குங்கள். நானே இன்னும் நீக்கவில்லை, இதை இப்படியே நிறுத்திவிட்டு அந்த வேலையைப் பார்க்கப் போகிறேன்.