டவுனுக்குள்ள லோடு அடிக்க குட்டியானையா, மூணு சக்கர சைக்கிளா?

திருநெல்வேலி டவுன்ல நயினார்குளம் மார்க்கெட்ல இருந்து ரதவீதி கடைகளுக்கு காய்கறி, பலசரக்கு கொண்டுபோவணும்னா எது தோதுன்னு அண்ணாச்சி ஒருத்தர் கேட்டாவ. ஒரே வார்த்தையில சொல்ல முடியாது பாத்துக்கிடுங்க.

குட்டியானை, அதான் டாடா ஏஸ் வண்டி, 2005ல வந்துச்சு. முக்கால் டன் ஏத்தலாம், பாளையங்கோட்டை தாண்டி சரக்கு போவணும்னா அதான் சரி, அதுல பேச்சே இல்ல. ஆனா சாயங்காலம் நெல்லையப்பர் கோயிலை சுத்தி அதை ஓட்டிப்பாருங்க, அல்வா வாங்க வந்த கூட்டம், குறுக்க நிக்க பைக்கு, கடை வாசல்ல நிறுத்தி நாலு மூட்டை இறக்குததுக்குள்ள பின்னால ஹாரன் அடிச்சே காதை கிழிச்சிருவானுவ, இதுல டீசல் வேற வீணா எரியுது.

ட்ரைசைக்கிள்காரர் ஓரமா நிறுத்திட்டு சாவகாசமா இறக்கிட்டு போயிருவாரு. பாரம்தான் கொறைவு, அதுவும் ஆத்துப்பாலம் தாண்டி மதிய வெயில்ல மிதிக்கதுன்னா ஆளு காலியாயிருவாரு. பேட்டரி மோட்டார் வச்சா அந்த பாடு பாதி கொறையும், 250 வாட்டுக்கு கீழ, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள இருந்தா லைசென்சும் வேண்டாம்.

டென்மார்க்ல 1984ல இருந்தே கிறிஸ்டியானியா பைக்னு முன்பெட்டி வச்ச சைக்கிள் ஓடுது, 100 கிலோ ஏத்துதாவ, அங்க தனி சைக்கிள் பாதை இருக்கு. நம்மூர்ல பாதை போட்டா மறுநாளே அதுல புல்லட்டை நிறுத்திருவான்லா.

என்னைக் கேட்டா ரதவீதிக்குள்ள ட்ரைசைக்கிள்தான், மார்க்கெட் வரைக்கும் குட்டியானை வரட்டும்.