கண்ணுக்குக் கீழே போட்ட ஃபில்லர் சொதப்பினால்: கரைப்பதா, காத்திருப்பதா?

கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்தை நிரப்பப் போட்ட ஹயலூரானிக் அமில ஃபில்லர் (ஊசி வழியே செலுத்தும் ஜெல்) சிலருக்குக் கட்டியாகத் தெரியும். சிலருக்கு நீலம் பாய்ந்த நிழல் போல விழும். டிண்டால் விளைவு என்று சொல்வது இந்த நீல நிழலைத்தான். முதல் இரண்டு வாரம் வீக்கம் இருப்பது இயல்பு, அதற்குள் பதற வேண்டாம். பிறகும் அப்படியே இருந்தால்தான் இந்தக் கேள்வி.

வேகம்
கரைப்பது: ஹயலூரானிடேஸ் ஊசி, அதாவது இந்த ஃபில்லரைக் கரைக்கும் நொதி. ஓரிரு நாளிலேயே வித்தியாசம் தெரியும். சிலருக்கு மறுபடியும் போட வேண்டிவரும்.
காத்திருப்பது: "ஒரு வருஷத்தில் தானாகப் போய்விடும்" என்பார்கள். நம்பிவிடாதீர்கள். கண்ணருகே போட்டது பல ஆண்டுகள் கழித்தும் எம்ஆர்ஐ ஸ்கேனில் தென்பட்டிருக்கிறது.

செலவு
கரைப்பது: ஊசிக்குத் தனிக் கட்டணம், மீண்டும் நிரப்பினால் அதுவும் சேரும்.
காத்திருப்பது: பைசா செலவில்லை. அதை மறைக்கப் பூசும் கன்சீலர் மேக்கப் செலவைச் சொல்லவில்லை!

ஆபத்து
கரைப்பது: அரிதாக ஒவ்வாமை வரலாம். தேனீ கொட்டி ஒவ்வாமை வந்தவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழைய பள்ளம் திரும்பும். சிலர் முன்னைவிட மோசம் என்றும் குறைப்படுகிறார்கள்.
காத்திருப்பது: மருந்து ஆபத்து இல்லை. ஆனால் ஃபில்லர் நீரை ஈர்ப்பதால் வீக்கம் வந்துவந்து போகும்.

லேசான மேடு, மற்றவர் கண்ணில் படாதது என்றால் காத்திருக்கலாம். நீல நிழலுக்கும் மாதக்கணக்கில் வற்றாத வீக்கத்துக்கும் கரைப்பதே என் தேர்வு. போட்டது கால்சியம் வகை ஃபில்லரோ சொந்தக் கொழுப்போ என்றால் இந்த ஊசி வேலை செய்யாது. பார்வை மங்கல், கடும் வலி, தோல் வெளுத்துப்போவது இருந்தால் ஒப்பீடெல்லாம் வேண்டாம். உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.